பிள்ளைகளோடு ஓடுவோம்



அஸருக்குப் பின் மதரஸாவில் ஓத வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாப்பாவின் பைக்கில்தான் வந்து இறங்குகிறார்கள். வீடோ இரண்டு தெரு தள்ளித்தான். "பிள்ளையோடு நடந்து வரலாமே" என்று ஒரு தந்தையிடம் கேட்டேன். "நேரமில்லை ஹஜ்ரத்" என்றவர், பிள்ளை ஓதி முடிக்கும் வரை வண்டியிலேயே அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. என் மகன் பந்தோடு வந்து அழைத்தபோதெல்லாம் கிதாபைக் காட்டித் திருப்பி அனுப்பியவன் நான். இப்போது அவன் அழைப்பதில்லை.

விளையாட்டு வீண் செயல் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் அப்பாஸ் (ரலி) அவர்களின் புதல்வர்களை வரிசையாக நிறுத்தி, முதலில் தம்மிடம் வந்து சேர்பவருக்குப் பரிசு உண்டு என நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததும், ஓடிவந்து தம் முதுகிலும் நெஞ்சிலும் விழுந்த சிறுவர்களை அணைத்து முத்தமிட்டதும் முஸ்னது அஹ்மதில் பதிவாகியுள்ளன. அவர்களுக்கு இருந்த பொறுப்புகளைவிடவா நம் அலுவல்கள் பெரியவை?

நம் பெண் மக்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. பெரியவளானதும் விளையாட்டை முற்றிலும் நிறுத்திவிடுகிறோம். பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்ததை அபூதாவூத் நூலில் காண்கிறோம். முதல் முறை ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பிற்காலத்தில் நபியவர்கள் முந்தி, அதற்கு இது ஈடு என்றார்கள். உடன் வந்தோரை முன்னே அனுப்பிவிட்டே ஓடினார்கள் என்று மற்றோர் அறிவிப்பு கூறுகிறது. அங்கே மறைவு பேணப்பட்டது, ஓட்டம் தடுக்கப்படவில்லை. நம் வீட்டு மொட்டைமாடியில் உம்மாவும் மகளும் கயிறு தாண்டவும் பூப்பந்து ஆடவும் என்ன தடை?

5 முதல் 17 வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தொழுகையே போதுமே என்பார் சிலர். தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் பிள்ளையின் கரம் பற்றிப் பள்ளிவாசலுக்கு நடந்து செல்வதில் நன்மையும் உண்டு, நடையும் உண்டு.

சென்ற ஞாயிறன்று சுபுஹுக்குப் பின் பந்தை நானே எடுத்துக்கொண்டு மகனை அழைத்தேன். நம்பாமல் பார்த்தான், பிறகு வந்தான். பத்து நிமிடத்தில் எனக்கு மூச்சிரைத்தது. "உட்காருங்க வாப்பா" என்று சிரித்தான்.