தெளிந்த நீர் தூய நீர் ஆகுமா?

நம் விடுதி அறைகளில் அண்மைக் காலமாக ஒரு புது விருந்தாளி குடியேறி வருகிறார். மேசைமீது ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் சிறிது மணல், நான்கு விரற்கடை நீர், கரையேறி அமர ஒரு கல். கல்லின்மேல் செந்நிறக் கொடுக்குகளை உயர்த்தியபடி ஒரு சின்னஞ்சிறு நண்டு! பாதி நீரிலும் பாதி நிலத்திலும் வாழும் இவ்வுயிரைக் கண்டு களிக்காதார் யார்? நானும் களித்தேன், வாங்கினேன், இரண்டே மாதத்தில் கொன்றேன். வெறுப்பினால் அன்று, அளவு மீறிய தூய்மை வேட்கையால்! அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

ஞாயிறுதோறும் தொட்டியைக் கவிழ்ப்பேன். மணலைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வெளுக்கக் கசக்கி, புதுக் குழாய்நீரை நிரப்புவேன். நீர் பளிங்குபோல் மின்னும். அறைத்தோழர்கள் பாராட்டுவார்கள். “நண்டு கொழுத்தால் வளையில் இராது” என்பது பழமொழி. என் நண்டோ கொழுக்காமலே வளையை விட்டது. நீரில் இறங்க மறுத்துக் கல்லின் உச்சியிலேயே ஒண்டிக் கிடந்தது. அது சொன்ன குறிப்பு எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் காலை அசைவற்றுக் கிடந்தது.

பிறகே படித்தறிந்தேன். நண்டின் கழிவிலிருந்தும் அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது. அது நிறமற்ற நஞ்சு, செவுளைத் தாக்கும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1890ஆம் ஆண்டையொட்டி வினோகிராட்ஸ்கி என்னும் அறிஞர் உலகுக்கு விளக்கிய உண்மை இது. அந்த நுண்ணுயிர்கள் குடியிருப்பது மணலிலும் பஞ்சிலுமே. புதுத் தொட்டியில் அவை வேரூன்றச் சில வாரங்கள் ஆகும். நானோ வாரந்தோறும் அவற்றைக் குளோரின் கலந்த நீரால் அழித்துக்கொண்டிருந்தேன்!

ஆகவே தெளிவு வேறு, தூய்மை வேறு என்பேன். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே அலசுங்கள். குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் அகலும். குளோரமைன் கலந்த நீராயின் அதை முறிக்கும் மருந்து வேண்டும். தின்று மிஞ்சிய இரையை மறுநாள் வரை விடாதீர்கள். ஆனால் நண்டு கழற்றிய ஓட்டை மட்டும் எடுத்தெறியாதீர்கள். சுண்ணச் சத்துக்காக அது தன் ஓட்டையே தின்னும்.

மற்றொன்று. “நல்ல தண்ணீர் போதும்” என்றார் எனக்கு விற்ற கடைக்காரர். செங்கொடுக்கு நண்டோ கழிமுகத்து அலையாத்திக் காடுகளில் வாழ்வது. அதற்கு வேண்டியது உவர்நீர். கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்பை அளந்து கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. ஆவியாகிக் குறைந்த நீரை உப்பில்லா நீரால் ஈடு செய்க; ஏனெனில் நீர்தான் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. பிச்சாவரத்தில் படகேறிய சிதம்பரத்து நண்பர்களைக் கேளுங்கள்: ஓதம் ஏறி இறங்கி அங்கே நீரை மாற்றுகிறது. தொட்டியில் ஓதம் ஏது? அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் நாமே.

“செத்தால் இன்னொன்று வாங்கினால் போயிற்று” என்று நகைக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். விலை மலிவானால் உயிரும் மலிவாகிவிடுமா? காட்டில் நீர் கெட்டால் நண்டு வேறிடம் போகும். நாம் அடைத்துவைத்த பின் அதற்குப் போக்கிடம் இல்லை. அந்த வழியை அடைத்தவர்க்கே பொறுப்பும் உண்டு.

விடுமுறை வருகிறது. நாம் இரண்டு நாள் இரயிலேறி ஊர் போய்விடுவோம். அந்த வாரங்களில் நீர் மாற்ற யார் இருக்கிறார் என்பதற்கு விடை இருந்தால் நண்டு வாங்குங்கள். நண்டு வருவதற்குச் சில வாரம் முன்பே நீரைப் பழக்குங்கள். விடை இல்லையேல், தொட்டி காலியாகவே இருக்கட்டும். என் மேசைமீது இன்று அப்படித்தான் இருக்கிறது.