பழிவாங்கும் பிரபுவும் வராத பட்டியலும்

2024இல் வந்த பிரெஞ்சுப் படம் ‘மொன்ரே கிறிஸ்ரோ பிரபு’வைப் பார்த்துவிட்டு எங்கட வயதுக்காரர் எழுதுவதெல்லாம் இரண்டு வசனத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று, “பழிவாங்கினா இப்பிடி வாங்கவேணும்.” மற்றது, “மச்சான், இது எங்கட கதை.” இரண்டாவதை நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் கைதட்டின இடத்தில் எங்கட கதை இல்லை.

படம் நல்லாயில்லை என்று சொல்ல வரவில்லை. கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் போனதே தெரியவில்லை. கடல், மாளிகை, முகமூடி, வாள்சண்டை, பியேர் நினேயின் அந்தக் குளிர்ந்த பார்வை, எல்லாம் இருக்கு. எங்கட கேள்வி வேறு: நாவலில் இருந்து எதை எடுத்தார்கள், எதைத் தட்டிவிட்டுப் போனார்கள்?

அலெக்சாண்டர் டூமா இதை 1844 முதல் 1846 வரை பத்திரிகைத் தொடராக எழுதினார். 1815இல் மார்செய் துறைமுகத்து இளம் மாலுமி எட்மண்ட் டாண்டே மீது ஒரு மொட்டைக் கடிதம் போகிறது. விசாரிக்கிற அரச சட்டத்தரணி வில்ஃபோருக்கு அவன் குற்றமற்றவன் என்று தெரியும். ஆனால் அவன் கொண்டுவந்த கடிதம் வில்ஃபோரின் சொந்தத் தகப்பனுக்கு எழுதப்பட்டது. வெளியில் வந்தால் பதவி போய்விடும். கடிதத்தை எரித்துவிட்டு, பெடியனை வழக்கே இல்லாமல் தீவுச் சிறைக்கு அனுப்புகிறான். பதினாலு வருசம்.

அந்தப் பதினாலு வருசத்துக்குள் ஒருநாள் சிறைப் பரிசோதகர் வருகிறார். டாண்டே கேட்பது மன்னிப்பு இல்லை, விசாரணை. தன்னுடைய குற்றம் என்ன என்று சொல்லச் சொல்கிறான். பரிசோதகர் நல்ல மனுசன்தான். கோவையைப் பார்ப்பதாக வாக்குக் கொடுக்கிறார், பார்க்கவும் செய்கிறார். ஆபத்தான ஆள் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒன்றும் செய்ய ஏலாது என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார். தப்பி வந்த டாண்டே, வாளைத் தூக்க முதல் செய்கிற வேலைகளில் ஒன்று, வேறு ஆளாக வேசம் போட்டுப்போய் அந்தச் சிறைப் பதிவேட்டைப் புரட்டுவது. மொட்டைக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிறான். எங்களைப் பொறுத்தவரை நாவலின் உயிர் அந்த இடம்தான்.

படம் பதிவேட்டில் நிற்கவில்லை, முகமூடியில் நிற்கிறது. இந்தப் பழக்கம் புதிசில்லை. இந்த நாவலின் சாயலில் 1958இல் ஜெமினி எடுத்த ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் இருந்து சனத்துக்கு இண்டைக்கும் ஞாபகம் இருப்பது பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடின போட்டி நடனம். சினிமாவுக்கு வில்லன் வேணும், கோவை வேண்டாம்.

வன்னியில் இருக்கிற எங்களுக்கு அந்தக் கோவைதான் வேணும். 2009 மே மாதம் வட்டுவாகலில் பெண்டாட்டிகளும் தாய்மாரும் தங்கட கையால் ஆக்களை இராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். பிறகு ஆட்கொணர்வு மனு போட்டார்கள். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்ற விசாரணையில், சரணடைந்தவர்களின் பட்டியல் இருக்கு என்று ஒரு இராணுவ அதிகாரியே சொன்னார். கொண்டுவரச் சொன்னபோது வந்தது வேறு பட்டியல், புனர்வாழ்வு பெற்றவர்களுடையது. டாண்டேக்கு ஒரு பதிவேடாவது கிடைத்தது.

பரிசோதகர்மாருக்கும் குறைவில்லை. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016இல் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம். ஒவ்வொன்றிலும் அதே அம்மா அதே படத்தோடு போய் அதே கதையைச் சொன்னா. வழக்கில்லாமல் அடைக்கிற சட்டமும் இருக்கு. 1979இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று பெயர் வைத்துக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் கீழ் 18 மாதம் வரை ஒரு ஆளைத் தடுத்துவைக்கலாம். 2022 திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. வில்ஃபோர் சட்டத்தை மீறின கெட்டவன் என்று படத்தில் பார்க்கிறோம். இங்கே சட்டத்தை மீறவே தேவையில்லை.

“படத்தைப் படமாப் பாருங்கோவன், அநியாயம் செய்தவனுக்கு அடி விழுந்தா எங்களுக்கும் ஒரு ஆறுதல்தானே” என்று கேட்பீர்கள். அந்த ஆறுதலை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் பழிவாங்க முதல் பெயர் தெரியவேணும். டாண்டேக்கு அதை ஃபாரியா பாதிரியார் சிறைக்குள்ளேயே கண்டுபிடித்துக் கொடுக்கிறார், புதையலுக்கும் வழி காட்டுகிறார். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தைத் தொடங்கின அம்மாக்களுக்குப் பெயரும் இல்லை, புதையலும் இல்லை. நாவலில் டாண்டேயின் கிழட்டுத் தகப்பன் மகனைக் காணாமலே பட்டினியில் சாகிறார். இங்கேயும் பதில் கிடைக்காமலே செத்துப்போன பெற்றோர் பலர்.

அவர்கள் யாருடைய தலையையும் கேட்கவில்லை. எங்கட பிள்ளை எங்கே என்று கேட்கினம். அந்தக் கேள்விக்கு ‘பழிவாங்கல்’ என்று பெயர் வைப்பவர்கள் தெற்கில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கினம். நீதி கேட்டால் பழிவாங்கத் துடிக்கினம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவது அவர்களுக்கு வசதி. வாள் தூக்கின பிரபுவின் படத்தைப் போட்டு “இது எங்கட கதை” என்று நாங்களே எழுதினால், அந்த வேலையை அவர்களுக்காக நாங்கள் இலவசமாகச் செய்து கொடுக்கிறோம்.

ஆகவே படத்தைப் பாருங்கோ, தாராளமாக. பிறகு நாவலில் அந்தப் பரிசோதகர் வருகிற அத்தியாயத்தையும் பதிவேடு வருகிற அத்தியாயத்தையும் ஒருக்கா வாசியுங்கோ. அடுத்த முறை “எங்கட கதை” என்று எழுதும்போது, வட்டுவாகல் பட்டியல் எங்கே என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கோ.