பங்குனி ஆமையும் கூட்டுறவுக் கடமையும்

நான் ஆய்வுக்குச் சென்றிருந்த சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில், அங்கத்தினர்களின் பிள்ளைகளை ஓர் இரவு கடற்கரைக்கு அழைத்துச் சென்று ஆமை முட்டையிடுவதைக் காட்டலாம் என்று ஒரு யோசனை கூறினேன். உடனே முதியவர் ஒருவர் எழுந்து, "தறியையும் ஏரையும் நம்பி வாழும் நமக்கு ஆமையைப் பற்றி என்ன கவலை, ஐயா?" என்று வினவினார். கேள்வி நியாயமானது. அன்று விரிவாக விடை கூறப் பொழுதில்லை. இங்கே கூற முற்படுகிறேன்.

ஆங்கில ஆண்டின் தொடக்கத்திலிருந்து பங்குனி, சித்திரை வரை நம் சோழமண்டலக் கரையில் இவ்வாமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. 'பங்குனி ஆமை' என்றே இவை பெயர் பெற்றுள்ளன. ஒரு குழியில் ஏறத்தாழ 100 முட்டைகள் இருக்கும். தாய் அடைகாப்பதில்லை, மணலின் வெப்பமே அடைகாக்கிறது. குஞ்சு ஆணா, பெண்ணா என்பதையும் அவ்வெப்பமே முடிவு செய்கிறது. சுமார் 50 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், கடலின் மேல் தெரியும் ஒளியை நாடிச் செல்லும் இயல்பின. கரையோர மின்விளக்குகளோ அவற்றை எதிர்த்திசையில் ஈர்த்து மடியச் செய்கின்றன.

இவற்றைக் காக்கவென்று சென்னையில் மாணவர் அமைப்பு ஒன்று 1988-ஆம் ஆண்டு முதல் உழைத்து வருகிறது. பருவ காலத்தில் தொண்டர்கள் இரவுதோறும் மணலில் பல மைல் நடந்து, முட்டைகளைக் கண்டெடுத்துப் பாதுகாப்பான வேலிக்குள் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் சென்று விளக்குகின்றனர்.

நான் கணக்கேடுகளைப் புரட்டியே வாழ்பவன். படியோ ஊதியமோ இல்லாத பணி இரண்டாண்டு நிலைக்காது என்பது என் பழைய எண்ணம். அவர்களோ எந்த இடத்தில் எத்தனை முட்டைகள், அவற்றில் எத்தனை பொரிந்தன என்று ஆண்டுதோறும் எழுதி வருகிறார்கள். சம்பளம் பெறும் எழுத்தர் உள்ள சங்கங்களிலேயே தினசரிக் குறிப்பேடு மூன்று மாதம் எழுதப்படாமல் கிடப்பதைக் கண்டவன் நான். வெட்கமே மேலிட்டது.

ஓர் இரவு உலாவினால் ஆமை பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். பிழைக்காது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும்; இழுவலையில் சிக்கினால் மூழ்கி இறக்கும். இதற்குச் சட்டமும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் ஒத்துழைப்பும் வேண்டும். எனினும், கண்ணால் கண்டவனே சட்டத்தை மதிப்பான். காணாதவனுக்கு அது வெறுங் காகிதம். உலாவின் பயன் இதுவே.

இனி, முதியவரின் கேள்விக்கு நேர்விடை. வேடந்தாங்கல் உழவர்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவற்றைச் சுடலாகாதென்று கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்கள் அவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இயற்கையைக் காப்பது நகரத்தாரின் பொழுதுபோக்கு அன்று, உழவனின் முதலீடு.

சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995-இல் மான்செஸ்டரில் கூடி ஏற்ற கொள்கைகளுள் ஏழாவது, சமுதாயத்தின்பால் அக்கறை. அது சுவரில் எழுதி வைப்பதற்கு மட்டுமன்று. ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையிலுள்ள ஓர் ஏரியையோ, குளத்தையோ, கரையையோ தேர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் விவரமறிந்தவர் துணையோடு பிள்ளைகளை அழைத்துச் செல்லட்டும். கைவிளக்கு அடிப்பதும் தொடுவதும் ஆகா என்று முன்னரே கற்பிக்கட்டும். கண்டவற்றை எழுத ஒரு பதிவேடு திறக்கட்டும். செலவு பெரிதன்று, பேருந்துக் கட்டணமும் ஒரு நோட்டுப் புத்தகமுமே.

அடுத்த ஆய்வுக்கு வரும்போது, ரொக்கப் புத்தகத்தோடு அந்தப் பதிவேட்டையும் என் மேசையில் காண விரும்புகிறேன். கேள்வி கேட்ட பெரியவரும் பேரக் குழந்தைகளோடு வருவாராக.