விழுந்தது நட்சத்திரம் இல்லை

அன்பு மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

நேற்று மாலை மேற்கே தீப்பந்தம் மாதிரி ஒன்று போனதை மொட்டை மாடியிலிருந்து நானும் பார்த்தேன். நாலு விநாடி இருக்கும். இரவுக்குள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்தவை: ஏவுகணை, கெட்ட சகுனம், கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாதாம். அனுப்பியதில் மூன்று பேர் என்னிடமே அறிவியல் படித்தவர்கள். பெயர் சொல்லவில்லை.

நட்சத்திரம் விழுந்தால் அதைப் பார்க்க நாம் இருக்க மாட்டோம். இது விண்கல். விநாடிக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது முன்னால் உள்ள காற்று நசுங்கிக் கொதிக்கிறது, கல்லும் ஆவியாகிறது, அந்த வெளிச்சம்தான் அது. மெதுவாக, துண்டு துண்டாகப் போனால் பெரும்பாலும் ராக்கெட் குப்பை. 2022 ஏப்ரல் 2 மாலை மகாராஷ்டிராவில் தெரிந்தது அப்படித்தான், சீன ராக்கெட்டின் பாகம்.

சகுனம் பேசுகிறவர்கள் உருப்படியாக ஒன்றும் சொல்வதில்லையே, அதுதான் என் கோபம். 2013 பிப்ரவரி 15, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க். வெளிச்சத்தைப் பார்த்து ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடம் கழித்து அதிர்வலை வந்தது. சுமார் 1500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடி வெட்டி. அங்கே ஒரு டீச்சர் 44 பிள்ளைகளை மேசைக்கடியில் குனிய வைத்தார். பிள்ளைகள் தப்பினார்கள், வெட்டு அவருக்குத்தான். அவர் சகுனம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால்?

வெளிச்சம் பெரிதாக இருந்தால் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போங்கள். இதை ஃபார்வர்ட் செய்யுங்களேன்.

நேற்றுப் பார்த்தவர்கள் நேரம், திசை, எத்தனை விநாடி, சத்தம் கேட்டதா என்று கீழே எழுதுங்கள். சகுனம் எழுதினால் அழித்துவிடுவேன், மச்சான் எழுதினாலும்.