பல்லும் பொக்கிஷமும்

பல் போனால் சொல் போச்சு என்பது நம் முன்னோர் வாக்கு. தொல்காப்பியனாரும் எழுத்துக்களின் பிறப்பைக் கூறுமிடத்துப் பல்லை ஓர் உறுப்பாக எண்ணியிருக்கிறார். ஆயின் பல் போனால் போவது சொல் மட்டுமன்று, சோறும் போகிறது. பல்லற்ற ஏழை முதியவர் கடலையையும் கீரைத்தண்டையும் பழத்தையும் மாமிசத்தையும் ஒவ்வொன்றாக விலக்கி, முடிவில் கஞ்சியே கதியென்று கிடக்கிறார். நோயால் மெலிந்தார் என்று ஊரார் கருதுகின்றனர். உண்மையில் அவரை மெலிவித்தது மெல்ல முடியாமையே.

பொய்ப்பல் அலங்காரப் பொருள், அதற்குச் சர்க்கார் பணம் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். காந்தியடிகள் உண்ணும்பொழுது பொய்ப்பற்களை அணிந்து, மற்றப்பொழுது கழற்றி வைப்பது வழக்கம். ஆடம்பரம் அனைத்தையும் துறந்த அப்பெரியார் இதைத் துறக்கவில்லை. இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ?

இவ்விஷயத்தில் இங்கிலாந்தின் சரித்திரம் நமக்கு ஒரு பாடம். 1948ஆம் வருஷம் ஜூலை 5ஆம் தேதி அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. பொய்ப்பல்லும் மூக்குக்கண்ணாடியும் இலவசம் என்றதும், பல வருஷங்களாகப் பல்லின்றி வாளாவிருந்த தொழிலாளரும் பெண்டிரும் திரளாக வந்தனர். செலவு மதிப்பீட்டை மீறியது. ஏழைகளுக்குப் பேராசை என்று சிலர் பழித்தனர். அது பேராசையன்று, நெடுநாள் அடக்கிவைத்த தேவை என்பதே நமது அபிப்பிராயம்.

1951ஆம் வருஷ வரவு செலவுத் திட்டத்தில் நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல், பொய்ப்பல்லின் விலையில் பாதியை நோயாளியே தரவேண்டுமென்று விதித்தார். கண்ணாடிக்கும் அவ்வாறே கட்டணம் வந்தது. அவ்வருஷத்தில் இவற்றால் மிச்சமாகும் தொகை 1 கோடியே 30 லட்சம் பவுன் என்று கணக்கிட்டனர். அதே சமயம் மூன்று வருஷ ஆயுதப் பெருக்கத்துக்கு ஒதுக்கியதோ 470 கோடி பவுன்! அச்சேவையைத் தோற்றுவித்த அனூரின் பெவான் இதைப் பொறாது அவ்வருஷம் ஏப்ரலில் மந்திரி பதவியைத் துறந்தார். ஹரால்டு வில்சனும் உடன் விலகினார். இன்றும் இங்கிலாந்தில் பொய்ப்பல்லுக்குக் கட்டணம் உண்டு. பொக்கிஷத்தில் பணம் குறையும்பொழுது முதலில் வெட்டப்படுவது குரலற்றவர் பங்கே என்பதற்கு இது அத்தாட்சி.

நம் அண்டை நாடாகிய கேரளத்தில், வறுமைக்கோட்டின் கீழுள்ள 60 வயதினருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் இலவசப் பொய்ப்பல் வழங்க 'மந்தஹாஸம்' என்ற திட்டத்தை அரசாங்கம் வகுத்தது. பெயர் புன்னகையைக் குறிப்பது, நற்பெயரே. ஆயினும் புன்னகைக்கு முன் வயிறு நிறையவேண்டும்.

இலவசம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. பொய்ப்பல் ஒரே நாளில் ஆகும் காரியமன்று. ஈறை அச்செடுத்து, தாடைகளின் பொருத்தத்தை அளந்து, மெழுகில் அமைத்துப் பார்த்து, பின்னரே பற்களைத் தருவர். அதன்பின் உறுத்துமிடத்தைத் தேய்க்கவும் வரவேண்டும். கிராமத்துக் கிழவர் நகருக்கு நாலைந்து முறை எவ்வாறு செல்வார்? துணைக்கு வரும் மகன் எத்தனை நாட்கூலியை இழப்பான்? மேலும், பல் விழுந்த இடத்தில் எலும்பு நாளடைவில் தேய்வதால், இன்று பொருந்திய பல் சில வருஷங்களில் தளரும். அப்பொழுது அதைச் சீர்படுத்த ஆளில்லையேல், அது பெட்டியில் உறங்கும். கிழவர் மீண்டும் கஞ்சிக்குத் திரும்புவார்.

ஆகவே நாம் கோருவது இது: பல் வைத்தியரும் பல் கட்டும் தொழிலாளியும் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் குறித்த நாளில் வரவேண்டும், பழுது பார்ப்பதும் இலவசமாகவேண்டும். தேர்தல் காலத்தில் முதியோர் வாக்கை நாடி வீடுவீடாகச் செல்லும் நம் தேசத் தொண்டர்கள், அவர்கள் என்ன உண்கிறார்கள் என்றும் ஒருமுறை கேட்கட்டும். இந்நாட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பல் தருவது தர்மமன்று, கடன்.