சட்டம் அறிவோம்: ராஜிநாமாவா, நீக்கமா?

"தாங்களாகவே எழுதிக் கொடுத்தீர்கள், நாங்கள் நீக்கவில்லையே!" என்று நிர்வாகம் கூறும்போது, வேலையிழந்தவர் வாயடைத்து நிற்பதுண்டு. சம்பளத்தைக் குறைத்தும் பதவியைத் தாழ்த்தியும் ஒருவரை வெளியேறச் செய்துவிட்டு, ராஜிநாமாக் கடிதத்தைக் காட்டித் தப்பிக்க இயலுமா? இயலாது என்கிறது இங்கிலாந்துச் சட்டம். அத்தகைய விலகலை அது நீக்கமாகவே கொள்கிறது. இதனை மறைமுகப் பணிநீக்கம் எனலாம்.

ஆயினும், மனக்குறை ஒவ்வொன்றும் நீக்கமாகிவிடாது. இதற்கு உரைகல்லாக விளங்குவது, டென்னிங் பிரபு முதலியோர் 1977-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த வெஸ்டர்ன் எக்ஸ்கவேட்டிங் வழக்காகும். ஊழியர் ஒருவர் அனுமதியின்றி ஒரு பிற்பகல் சீட்டாடச் சென்றார். நிறுவனம் அவரை நீக்கியது. பின்னர் அத்தண்டனையை 5 நாள் சம்பளமற்ற இடைநீக்கமாகக் குறைத்தது. கைச்செலவுக்குத் திண்டாடிய அவர், சேர்ந்திருந்த விடுமுறைச் சம்பளத்தை முன்னதாகக் கேட்டார், கிடைக்கவில்லை. 40 பவுன் கடன் கேட்டார்; அதுவும் மறுக்கப்பட்டது. விலகி வழக்காடினார். கீழ் மன்றங்களில் வென்றவர் அப்பீல் கோர்ட்டில் தோற்றார்.

காரணம் யாதெனில், முதலாளி இரக்கமின்றி நடந்தாரா என்பதன்று கேள்வி. ஒப்பந்தத்தை மீறினாரா என்பதே. முன்பணம் தரும் கடமை ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே மீறலும் இல்லை.

அத்தீர்ப்பு வகுத்த அளவுகோல் மூன்று. மீறல் ஒப்பந்தத்தின் வேரையே அசைப்பதாயிருத்தல் வேண்டும். அதன் காரணமாகவே ஊழியர் விலகியிருத்தல் வேண்டும். நெடுங்காலம் தாமதித்தலும் ஆகாது. பேசாமல் வேலையில் தொடர்ந்தால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருத இடமுண்டு. எழுத்தில் இல்லாவிடினும், தக்க காரணமின்றிப் பரஸ்பர நம்பிக்கையை முதலாளி குலைக்கலாகாது என்பதை 1997-இல் பி.சி.சி.ஐ. வங்கி வழக்கில் பிரபுக்கள் சபை உறுதி செய்தது.

நம் நாட்டிலும், வற்புறுத்திப் பெற்ற ராஜிநாமா மனமுவந்த ராஜிநாமா ஆகாது. ஆனால் வற்புறுத்தலை மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் ஊழியர் தலையிலேயே விழும். நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் தீய நோக்கோடு தொழிலாளரை இடமாற்றுவது, 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் அட்டவணையிலும், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் முறையற்ற செயலாகக் குறிக்கப்பட்டுள்ளது.

சொந்த ஊரை விட்டு வந்து, சம்பளத்தையே நம்பிக் குடித்தனம் நடத்தும் நமக்கு, கோபத்தில் இடும் ஒரு கையெழுத்தின் விலை அதிகம். ஆட்சேபணையை அன்றே எழுத்தில் கொடுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள், தொழிற்சங்கத்தையோ வக்கீலையோ கலந்த பின்னரே ராஜிநாமாவில் கையெழுத்திடுங்கள்.