பாட்டியின் வாயும் புற ஊதாக் கதிரும்

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மதுரைக்காரர்களாகிய நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் நம் ஊர்த் திண்ணைகளில் வெற்றிலையைத் தனியே மெல்லுவோர் எத்தனை பேர்? பாக்கும் சேரும், பலருக்குப் புகையிலையும் சேரும். "புகையிலை தொடமாட்டேன், வெறும் பாக்குதான்" என்று பெருமையாகச் சொல்லும் பாட்டிமார் உண்டு. வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறிவிட்டது.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது, மாணவர்களே.

கன்னத்தின் உட்புறத்தில், மேல்படலத்துக்கு அடியில், கொல்லாஜன் என்னும் புரதம் கயிறு கயிறாகப் பின்னிக் கிடக்கிறது. நெடுநாள் பாக்கு மெல்லுகிறவர் சிலருக்கு இந்தக் கயிறு அளவுமீறிப் பெருகும். வாய் இறுகி, சோற்றுக் கவளம் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமற்போகும். இந்நிலையில் உள்ளவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் புற்று தோன்றுகிறது. புற்றோ நேர்மாறாக நடந்துகொள்கிறது. அது பரவ வழி வேண்டுமல்லவா? கொல்லாஜனைச் சிதைக்கும் நொதிகளைக் கொண்டு, குறுக்கே நிற்கும் வேலியை அறுக்கிறது.

இந்த மாற்றத்தைக் கத்தி வைக்காமலே ஒளியால் அறியலாம். கொல்லாஜன் மீது சுமார் 330 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், அது 390 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும். புற்றுத் திசுவில் இவ்வொளி மங்கிவிடுகிறது. புற்றுத் திசுவும் நல்ல திசுவும் வெவ்வேறாக ஒளிர்வதை நியூயார்க்கில் ராபர்ட் அல்ஃபானோ குழுவினர் 1984-இல் காட்டினர். நம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறையினர் வாய்ப் புற்றில் இதே முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். மும்பை டாட்டா நினைவு மையத்தினர் 1928-இல் கண்டறியப்பட்ட ராமன் விளைவைப் பயன்படுத்தினர். நல்ல திசுவின் நிறமாலையில் கொழுப்பின் கோடுகள் மேலோங்கி நின்றன. புற்றில் புரதத்தின் கோடுகள்! நீங்கள் பாடத்தில் மனப்பாடம் செய்யும் அதே ராமன் விளைவுதான்.

ஆயினும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பல் குத்திப் புண்ணாகி வீங்கிய இடத்திலும் புரதங்கள் மாறும், ஒளியும் மாறும். ஆகவே கருவி காட்டும் ஐயத்தைத் திசுவைச் சிறிது எடுத்துச் சோதித்தே உறுதி செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், கருவி வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 35 வயதுக்கு மேற்பட்ட 1,90,000-க்கும் அதிகமானோர் இடம்பெற்றனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவே. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் முடிவு வெளியாயிற்று.

என் அத்தையிடம் "வாயைத் திறங்கள்" என்று டார்ச் விளக்கை நீட்டியபோது, "வாத்தியார் எப்போது டாக்டர் ஆனார்?" என்று கேலி செய்தார். பிறகு திறந்தார். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இறுகிய கன்னம் இவற்றைத்தான் தேடினேன். உங்கள் வீட்டிலும் பாருங்கள். ஏதேனும் தென்பட்டால் அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள பல் மருத்துவரிடமோ அந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.